கிண்டியில் இடம் கிடைக்காவிட்டால், அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டல வளாகங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். கணிதத்தில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 89 மதிப்பெண்கள் பெற்றிருக்கிறாள். பொறியியல் கலந்தாய்வுக் கணக்கின்படி 200-க்கு 186.5 கட் ஆஃப் வருகிறது. நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பிரிவைச் சேர்ந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் இதுவரை பட்டதாரி எவரும் இல்லை. நான் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறேன்.

அவள் எட்டாம் வகுப்புப் படித்தபோது உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகச் சென்னைக்குச் சென்றிருந்தோம். அப்போது என் மைத்துனர் அவளைக் கிண்டிப் பொறியியல் கல்லூரி வளாகத்துக்குள் அழைத்துச் சென்று, அந்தப் பழைய சிவப்புக் கட்டடத்தைக் காட்டினார். அன்றிலிருந்து அவளுடைய மேசையில் அந்தப் படம்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. கிண்டியிலோ, அதே பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்திலோ கணினி அறிவியல் படிக்க வேண்டும் என்பதே அவளுடைய ஆசை. கடந்த ஆண்டுகளின் பட்டியலைப் பார்த்தபோது, அந்தப் பிரிவுக்கு இந்த மதிப்பெண் போதாது என்பது எங்கள் இருவருக்கும் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அவள் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

இப்போது கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி ஆகிய மூன்று மண்டல வளாகங்களையும், திருச்சியில் உள்ள பி.ஐ.டி. வளாகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இவையும் அண்ணா பல்கலைக்கழகம்தானே, பெயர் ஒன்றுதானே, பட்டமும் ஒன்றுதானே என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் உள்ள ஆசிரியரோ, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், நல்ல தன்னாட்சிக் கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள் என்கிறார். என் மனைவி மகளை மதுரைக்கு அப்பால் அனுப்பத் தயங்குகிறாள். இந்த நான்கில் எது மேல் என்பதையும், இவற்றுக்கும் சென்னையில் உள்ள மெயின் கேம்பஸுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய இன்னும் பத்து நாட்களே உள்ளன.

பதில்: ஓய்வு பெற்ற பொறியியல் பேராசிரியர், திண்டுக்கல்

ஐயா, தங்கள் மகளுக்கு முதலில் என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். தமிழ் வழியில் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் ஒரு பெண் பெற்றிருக்கும் 186.5 என்பது வருத்தப்பட வேண்டிய மதிப்பெண் அன்று.

பெயர் ஒன்று என்பது உண்மை. ஆனால் அந்த ஒரே பெயருக்குள் மூன்று விதமான கல்வி நடக்கிறது என்பதைப் பெற்றோர்களில் பெரும்பாலோர் சேர்ந்த பிறகுதான் அறிகிறார்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி ஆகிய நான்கையும் சேர்த்து 1978-இல் உருவாக்கப்பட்டதே அண்ணா பல்கலைக்கழகம். இந்த நான்கும் பல்கலைக்கழகத்தின் துறை வளாகங்கள். இவற்றுக்குத் தனிப் பாடத்திட்டம் உண்டு, வினாத்தாளை எடுப்பதும் விடைத்தாளைத் திருத்துவதும் பாடம் நடத்துகிற துறையினரே. மாநிலம் முழுவதும் இருக்கும் தனியார் கல்லூரிகள் இணைவு பெற்றவை. அவற்றில் தன்னாட்சி பெறாதவை அனைத்துக்கும் பல்கலைக்கழகம் ஒரே பாடத்திட்டத்தையும் ஒரே வினாத்தாளையும் வழங்குகிறது. நீங்கள் கேட்கும் மண்டல வளாகங்களும் உறுப்புக் கல்லூரிகளும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அவற்றின் நிர்வாகம் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது, கட்டணமும் அரசுக் கல்லூரியைப் போலக் குறைவு, ஆனால் பாடத்திட்டமும் தேர்வும் இணைவுக் கல்லூரிகளுக்கு உரியவை. ஆகவே மதுரை வளாகத்தில் படிக்கும் மாணவி எழுதும் வினாத்தாள், பக்கத்துத் தனியார் கல்லூரி மாணவி எழுதும் அதே வினாத்தாள்தான். அது கிண்டி மாணவி எழுதும் தாள் அன்று.

இது எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். 2007-இல் அண்ணா பல்கலைக்கழகம் சென்னை, கோவை, திருச்சி, திருநெல்வேலி எனப் பிரிக்கப்பட்டது, 2010-இல் மதுரையும் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 2012-இல் அவை அனைத்தும் மீண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டன. கோவை, மதுரை, நெல்லை ஆகிய மூன்றும் அந்தப் பழைய பல்கலைக்கழகங்களின் தலைமையிடங்களாக இருந்து மண்டல வளாகங்களாக மாறியவை. திருச்சியில் இருப்பது பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கல்லூரியாக இருந்து அண்ணா பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது, அதனால்தான் இன்றும் பி.ஐ.டி. என்ற பெயர் நிலைத்திருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம், ஆரணி, பண்ருட்டி, அரியலூர், திருக்குவளை, பட்டுக்கோட்டை, இராமநாதபுரம், நாகர்கோவில் போன்ற இடங்களில் உள்ள உறுப்புக் கல்லூரிகளும் மிகப் பழமையானவை அல்ல. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிக்கு இருக்கும் முன்னாள் மாணவர் வலையையும், துறை மரபையும், இருபது ஆண்டு வயதுகூட நிறையாத மண்டல வளாகங்களிடம் எதிர்பார்ப்பது அவற்றுக்கும் நியாயம் ஆகாது, சேருகிற பிள்ளைக்கும் நியாயம் ஆகாது.

ஆகவே இந்த வளாகங்களைக் கிண்டியோடு ஒப்பிடாதீர்கள், அரசுப் பொறியியல் கல்லூரிகளோடும் அரசு உதவி பெறும் கல்லூரிகளோடும் ஒப்பிடுங்கள் என்பதே என் கருத்து. கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி 1945-இலிருந்தும், காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி 1952-இலிருந்தும், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957-இலிருந்தும், சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி 1966-இலிருந்தும் நடந்து வருகின்றன. இவை தன்னாட்சி பெற்றவை, தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்பவை. பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வரும். பட்டச் சான்றிதழில் அந்தப் பெயர் வேண்டும் என்பதற்காகவே மண்டல வளாகத்தைத் தேடுவதாக இருந்தால், அந்தப் பெயர் மேலே சொன்ன எல்லாக் கல்லூரிகளிலும் கிடைக்கிறது.

வேலைவாய்ப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னை வளாகங்களின் வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துவது பல்கலைக்கழகத்தின் தொழில்துறை ஒத்துழைப்பு மையம். கிண்டிக்கு வருகிற நிறுவனம் அதே நாளில் அதே சம்பளத்தோடு கோவை வளாகத்துக்கும் வரும் என்று எண்ணிவிட வேண்டாம். மண்டல வளாகங்களுக்குத் தனி வேலைவாய்ப்புப் பிரிவுகள் உள்ளன. நீங்கள் சேர நினைக்கும் பாடப்பிரிவில் கடைசியாகப் படிப்பு முடித்தவர்களில் எத்தனை பேருக்கு, எந்தெந்த நிறுவனங்களில், வளாகத்தின் வழியாகவே வேலை கிடைத்தது என்று அங்கேயே நேரில் கேளுங்கள். மொத்தக் கல்லூரிக்கும் சேர்த்துச் சொல்லப்படும் எண்ணிக்கையை ஏற்றுக்கொள்ள வேண்டாம். அந்தத் துறையில் நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர், ஒப்பந்த ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதையும், அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அந்த அங்கீகாரம் கல்லூரிக்கு அன்று, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக வழங்கப்படுவது. பொறியியல் படிப்புகளுக்கான அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் நிரந்தர உறுப்பினரான பிறகு, வெளிநாட்டில் மேற்படிப்புக்கோ பணிக்கோ செல்ல விரும்புவோருக்கு அதன் மதிப்புக் கூடியிருக்கிறது.

பதில்: மண்டல வளாகம் ஒன்றின் முன்னாள் மாணவி, தற்போது பெங்களூரு

வணக்கம் ஐயா. பேராசிரியர் ஐயா சொன்னவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனாலும் அந்த வளாகங்களில் ஒன்றில் நான்கு ஆண்டுகள் மின்னணுவியல் படித்தவள் என்ற முறையில், உள்ளேயிருந்து பார்த்ததைத் தங்கைக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நானும் கிண்டியை நினைத்துக்கொண்டு படித்து, இரண்டு மதிப்பெண்ணில் அதைத் தவறவிட்டவள். முதல் பருவம் முழுவதும் அந்த ஏக்கத்திலேயே கழிந்தது. வகுப்பில் பலரும் அதே நிலையில்தான் இருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாரும் 180-க்கு மேல் கட் ஆஃப் வாங்கிய பிள்ளைகள், பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள், படிப்பைத் தவிர வேறு பிடிமானம் இல்லாதவர்கள். பக்கத்தில் உட்காருகிறவர்கள் அப்படிப்பட்டவர்களாக இருக்கும்போது நம்மால் சும்மா இருக்க முடியாது. அந்த வளாகம் எனக்குக் கொடுத்தவற்றில் முதன்மையானது இந்தத் தோழமைதான். எங்கள் விடுதி அறையில் நான்கு பேர் இருந்தோம். இரவு உணவுக்குப் பிறகு ஒருத்தி பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுக்க, மற்ற மூவரும் கேட்போம், மறுநாள் வேறொருத்தியின் முறை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. இரண்டாம் ஆண்டில் ஒரு முக்கியமான பாடத்தை நடத்திக்கொண்டிருந்த தற்காலிக ஆசிரியர் பருவத்தின் நடுவில் வேறு வேலை கிடைத்துச் சென்றுவிட்டார். அடுத்தவர் வருவதற்குள் ஆறு வாரங்கள் ஓடிவிட்டன. அந்தப் பாடத்தில் எங்கள் வகுப்பில் நிறையப் பேருக்கு அரியர் விழுந்தது. அரியர் வரலாறு இல்லாதவர்களை மட்டுமே அழைக்கும் நிறுவனங்கள் உண்டு என்பதால், அந்த ஒரு பருவத்தின் விளைவை இறுதியாண்டில் நேர்காணல் அறைக்கு வெளியே நின்றபடி சிலர் அனுபவித்தார்கள். என்னைக் காப்பாற்றியது இணையவழிப் பாடங்களும், மூத்த மாணவி ஒருவர் கொடுத்த குறிப்பேடும்தான். தங்கை எந்த மண்டல வளாகத்தில் சேர்ந்தாலும், ஆசிரியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாடத்தைத் தானே படித்து முடிக்கும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் இரண்டு மாதங்கள் கடினமாகத்தான் இருக்கும். எனக்குக் கணக்கு தெரியும், ஆனால் அதை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாது. முதல் அகமதிப்பீட்டில் ஐம்பதுக்குப் பத்தொன்பது வாங்கிவிட்டு அழுதேன். மூன்றாவது தேர்வுக்குள் சரியாகிவிட்டது. தங்கையிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த முதல் மதிப்பெண்ணைப் பார்த்து, தனக்குத் தகுதி இல்லை என்று அவள் முடிவு கட்டிவிடக் கூடாது.

என் வேலை வளாகத்தின் வழியாகக் கிடைத்தது, சம்பளம் பெரிதாக இல்லை. ஒன்றரை ஆண்டு கழித்து நானே தேடி இப்போதுள்ள நிறுவனத்துக்கு மாறினேன். என்னுடன் படித்த இருவர் முதுநிலைப் படிப்புக்காகக் கிண்டிக்கே சென்றார்கள். 2023 முதல் எம்.இ. சேர்க்கைக்குச் சீட்டா என்ற நுழைவுத் தேர்வு நடக்கிறது, கேட் (GATE) என்ற தேசியத் தேர்வின் மதிப்பெண்ணும் உதவும். இளநிலையில் திறக்காத கதவு அங்கே இன்னொரு முறை திறக்கிறது. இளநிலையிலேயே இடையில் மெயின் கேம்பஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்த நம்பிக்கையில் மட்டும் சேர்க்காதீர்கள்.

நான்கு வளாகங்களில் எது மேல் என்று கேட்டிருக்கிறீர்கள். கணினி அறிவியல் என்றால் கோவையை முதலில் வைப்பேன். அங்கே மென்பொருள் நிறுவனங்களும் உற்பத்தித் தொழிற்சாலைகளும் அருகிலேயே இருப்பதால், விடுமுறைப் பயிற்சிக்கு இடம் தேடுவது எளிது. மருந்துத் தொழில்நுட்பம், பெட்ரோ கெமிக்கல் போன்ற பிரிவுகளில் விருப்பம் உள்ளவர்களுக்குத் திருச்சி பி.ஐ.டி. பொருத்தமானது. மதுரைக்கும் நெல்லைக்கும் இடையில் பெரிய வேறுபாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை, உங்கள் வீட்டுக்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பதில்: கிண்டியின் முன்னாள் மாணவர், சென்னை

ஐயாவின் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகள் தவறவிட்டது மெயின் கேம்பஸ் அன்று, மெயின் கேம்பஸில் உள்ள கணினி அறிவியல் பிரிவு மட்டுமே. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டீர்களோ என்று தோன்றுகிறது.

கிண்டியில் புவித்தகவலியல், அச்சு மற்றும் சிப்பமிடல் தொழில்நுட்பம், சுரங்கப் பொறியியல் ஆகிய பிரிவுகள் உள்ளன. அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் பீங்கான், ஜவுளி முதலிய பிரிவுகளும், எம்.ஐ.டி.யில் ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் தொழில்நுட்பம், உற்பத்திப் பொறியியல் முதலியவையும் உள்ளன. இவற்றில் சில, கணினிப் பிரிவுகளைவிடப் பல மதிப்பெண்கள் கீழே வரை இறங்கும். கடந்த ஆண்டு எந்தத் தரவரிசையில், எந்தச் சமூகப் பிரிவில் இடம் முடிந்தது என்பதைக் கலந்தாய்வுத் தளத்தில் உள்ள பட்டியலில் பார்த்து, 186.5-க்கு எது எட்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். துறை வளாகங்களில் சில பிரிவுகள் சுயநிதி முறையிலும் நடக்கின்றன. அவற்றுக்குத் தனிக் குறியீடு உண்டு, கட்டணமும் கூடுதல். குறியீட்டைக் கவனிக்காமல் பதிவு செய்துவிட்டு, இடம் கிடைத்த பிறகு கட்டணத்தைப் பார்த்துத் திகைத்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் புவித்தகவலியல் படித்தவன். கிண்டிக் கல்லூரியே நில அளவைப் பள்ளியாகப் பிறந்தது என்பதால், அந்தத் துறை அங்கே இருப்பது தற்செயலானது அன்று. செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் பகுத்தாய்வது, வரைபடத் தரவுத்தளங்களை உருவாக்குவது, அதற்கான நிரல்களை எழுதுவது ஆகியவையே நாங்கள் நாள்தோறும் செய்தவை. கணினி மீது ஆர்வமுள்ள பிள்ளைக்கு இந்தப் பிரிவு அந்நியமாக இருக்காது. ஆனால் கிண்டி என்ற பெயருக்காக மட்டும் சுரங்கத்தையோ பீங்கானையோ எடுக்கச் சொல்ல மாட்டேன். விருப்பமில்லாத பாடத்தை நான்கு ஆண்டுகள் சுமப்பது எவ்வளவு பெரிய துன்பம் என்பதை என் அறைத்தோழனிடம் கண்டேன். அவன் மூன்றாம் ஆண்டில் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டான். மகள் அந்தந்தப் பிரிவின் பாடத்திட்டத்தை இறக்கி, மூன்றாம் ஆண்டுப் பாடங்களின் தலைப்புகளைப் படித்துப் பார்க்கட்டும். படிக்கப் படிக்க ஆர்வம் வருகிறதா என்பது அரை மணி நேரத்தில் அவளுக்கே தெரிந்துவிடும்.

மீண்டும் கேட்டவர்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பேராசிரியர் ஐயா எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பெங்களூருவிலிருந்து எழுதிய சகோதரியின் பதிலை என் மகளே இரண்டு முறை படித்தாள்.

பட்டியலை வரிசைப்படுத்துவதில் ஓர் ஐயம் எழுந்திருக்கிறது. கிடைக்காது என்று தெரிந்தும் கிண்டிக் கணினி அறிவியலை முதலில் போட்டால், அந்த இடம் வீணாகி, கீழே உள்ளவை கைநழுவிப் போகும் என்று இணைய மையத்தில் இருப்பவர் சொல்கிறார். அது சரியா? 'அப்வர்டு' என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் கையில் உள்ள இடம் பறிபோகுமா?

பதில்: கலந்தாய்வு உதவி மையத்தில் தன்னார்வலராக இருந்தவர், விருதுநகர்

ஐயா, இணைய மையத்தில் சொன்னது தவறு. ஒவ்வோர் ஆண்டும் இந்த ஒரு தவறான எண்ணத்தால் நல்ல பிள்ளைகள் தங்கள் பட்டியலைத் தாங்களே கெடுத்துக்கொள்வதைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன், அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இடம் ஒதுக்கும்போது தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்துக்கொண்டு, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறார்கள். முதல் விருப்பத்தில் இடம் இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது என்று இறங்கி, முதன்முதலில் எங்கே இடம் இருக்கிறதோ அது அவருக்கு ஒதுக்கப்படுகிறது. மகளின் முறை வரும்போது அவளுடைய முழுப் பட்டியலும் பார்க்கப்பட்ட பிறகுதான் அடுத்த தரவரிசைக்காரரிடம் செல்வார்கள். ஆகவே எட்டாத இடத்தை மேலே வைத்ததால் கீழே உள்ளது ஒருநாளும் பறிபோகாது. எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். வரிசை மட்டும் உங்கள் மகளின் உண்மையான விருப்பத்தின் வரிசையாக இருக்க வேண்டும். கட் ஆஃப் எதில் அதிகம் என்று பார்த்து அதை மேலே தூக்கி வைப்பதும், கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போட்டுப் பிடித்ததைக் கீழே தள்ளுவதும் ஒரே அளவுக்குத் தீங்கு தரும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அதற்கு மறுமொழி சொல்ல வேண்டும். அந்த இடமே போதும் என்றால் ஏற்றுக்கொண்டு கல்லூரியில் சேர்ந்துவிடலாம். இடத்தை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ளவற்றுக்காகக் காத்திருப்பதே நீங்கள் கேட்ட அப்வர்டு. இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறித்த நாளுக்குள் உதவி மையத்தில் கட்டணம் செலுத்தி இடத்தை உறுதி செய்ய வேண்டும். மேலே உள்ள இடம் காலியாகாவிட்டால் கையில் உள்ளது அப்படியே இருக்கும். காலியானால் நீங்கள் அங்கே நகர்த்தப்படுவீர்கள், பழைய இடம் வேறொருவருக்குப் போய்விடும், பிறகு அதைக் கேட்க முடியாது. இதனால்தான், கிடைத்தால் போக மாட்டோம் என்று நினைக்கும் எதையும் பட்டியலில் மேலே வைக்கக் கூடாது என்கிறேன். நான் உதவிய ஒரு குடும்பத்தில், மகனுக்கு வீட்டருகே பிடித்த பிரிவு கிடைத்திருந்தது. பெயருக்காக மேலே போட்டிருந்த தொலைதூரக் கல்லூரி ஒன்று அப்வர்டில் விழுந்து, கையில் இருந்ததும் போய், அந்தத் தாய் உதவி மைய வாசலில் உட்கார்ந்து அழுததை இன்றும் மறக்க முடியவில்லை.

உங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய இரண்டு செய்திகள் உள்ளன. மகள் முதல் பட்டதாரி என்பதால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்தில் இப்போதே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள், கடைசி வாரத்தில் கூட்டம் தாங்காது. அடுத்தது புதுமைப் பெண் திட்டம். 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கிய இந்தத் திட்டம், 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் அவ்வாறு படித்திருந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வரும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உங்கள் மகளுக்குப் பொருந்தாது. அதை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள்.

பதில்: மதுரை, நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து ஒருவர்

மதுரை மண்டல வளாகம் கீழக்குயில்குடியில், எங்கள் பகுதிக்கு அருகில்தான் உள்ளது. இடம் அமைதியானது, சமணர் மலையைப் பார்த்தபடி இருக்கும். ஆனால் நகரத்தின் நடுவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வராதீர்கள். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஐம்பது கிலோமீட்டர் என்றாலும், வந்து இறங்கி மீண்டும் வேறு பேருந்து மாறி மேற்கே வர வேண்டும். தினமும் வீட்டிலிருந்து போய்வருவது என்று திட்டமிட்டால் பெண் பிள்ளை களைத்துவிடும், படிக்கும் நேரம் சாலையிலேயே கழிந்துவிடும். விடுதி என்றால் மதுரையும் ஒன்றுதான், நெல்லையும் ஒன்றுதான். தங்கையின் தாயாரை ஒருமுறை நேரில் அழைத்துவந்து காட்டுங்கள். மாலை ஐந்து மணிக்குக் கல்லூரி வாசலில் நின்று, பேருந்து எப்படி வருகிறது என்று பார்த்தால் பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

மீண்டும் கேட்டவர்

பெரியவர்களுக்கும் சகோதரிக்கும் வணக்கம். சனிக்கிழமை மூவரும் கீழக்குயில்குடிக்குச் சென்று வந்தோம். அலுவலகத்தில் பொறுமையாகப் பேசினார்கள். கணினி அறிவியல் படிக்கும் இரண்டு மாணவிகள் வாசலில் கிடைத்தார்கள். என் மகள் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவர்களிடம் முக்கால் மணி நேரம் தனியாகப் பேசினாள். என்ன கேட்டாய் என்றதற்கு, ஆய்வகம் மாலையில் திறந்திருக்குமா, அரியர் எத்தனை பேருக்கு இருக்கிறது, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்றெல்லாம் கேட்டதாகச் சொன்னாள். இவ்வளவு நாள் அவளுக்காக நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளே பாடத்திட்டங்களை இறக்கிப் படித்தாள். சுரங்கம், பீங்கான், ரப்பர் மூன்றையும் அடித்துவிட்டாள். புவித்தகவலியலை மட்டும் விடவில்லை. ஆகவே கிண்டி, குரோம்பேட்டைக் கணினிப் பிரிவுகளும் மின்னணுவியலும் முதலில் வருகின்றன. அதற்கடுத்து கிண்டிப் புவித்தகவலியல். பிறகு தியாகராசர், சேலம், காரைக்குடிக் கல்லூரிகளின் கணினிப் பிரிவுகள். அதன் பின் கோவை மண்டல வளாகம், மதுரை, நெல்லை என்ற வரிசையில் கணினி அறிவியல். கோவையை மதுரைக்கு மேலே வைக்க என் மனைவி முதலில் ஒப்பவில்லை. கீழக்குயில்குடியிலிருந்து திரும்பும் பேருந்தில், விடுதியில் தங்குவது உறுதி என்றான பிறகு நூறு மைல் என்ன, இருநூறு மைல் என்ன என்று அவளே சொன்னாள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு நேற்று விண்ணப்பித்துவிட்டோம். மருந்துத் தொழில்நுட்பத்தில் ஆர்வம் இல்லாததால் திருச்சியைப் பட்டியலின் கடைசியில் கணினிப் பிரிவுக்கு மட்டும் வைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை பட்டியலை உறுதி செய்கிறோம். எந்த இடம் ஒதுக்கப்பட்டது என்பதை இங்கேயே எழுதுகிறேன்.